பலனுக்கு உரியவள்

கோயிலில் பிரதக்ஷிணம் செய்கிறவர் எவ்வளவு வேகத்தில் நடக்கவேண்டும் என்பதற்கு நம் பெரியோர் ஓர் அளவு சொல்லியிருக்கிறார்கள். பிரசவ காலம் நெருங்கிய ஒரு ஸ்திரீ, நிறைய எண்ணெய் வார்த்த குடத்தையும் சுமந்துகொண்டு, ஒரு துளியும் சிந்தாதபடி எவ்வாறு அடிமேல் அடி வைத்து நடப்பாளோ அவ்வாறு நடக்கவேண்டும் என்பதே அந்த அளவு. சந்நிதியைச் சுற்றி வரும்போதாவது மனிதன் தன் அவசரத்தை வெளியே விட்டுவிட்டு வரட்டும் என்ற கருணையால் சொன்ன வார்த்தை அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது, உவமானமாக வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லையே என்று தோன்றுகிறது. அவள் மெல்ல நடப்பதற்குக் காரணம் அவளுடைய பக்தியும் இல்லை, இஷ்டமும் இல்லை. வயிற்றில் இருப்பது குலத்துக்கு உரியது; குடத்தில் இருப்பது வீட்டுக்கு உரியது. அவளுடைய நடையின் வேகத்தை அவள் சுமப்பவை நிர்ணயம் செய்கின்றனவே அல்லாமல், அவளுடைய மூச்சு நிர்ணயம் செய்வதில்லை.

இப்போது சில வருஷங்களாகக் கையில் குடமும் இடுப்பில் குழந்தையும் இல்லாமல், விடியற்காலை இருட்டில் சாலையோரமாக ஓடிக்கொண்டிருக்கும் பெண்களைத் தமிழ்நாட்டில் காண்கிறோம். பதக்கத்துக்கும் உத்தியோகத்துக்கும் ஓடுகிற வீராங்கனைகளைச் சொல்லவில்லை. ஆசிரியைகள், பாங்கி உத்தியோகஸ்தர்கள், குடும்பத்தை நடத்தும் கிருகிணிகள், நாற்பது வயதுக்குமேல் முதன்முதலாகத் தமக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கியவர்கள் ஆகியவர்களையே சொல்கிறேன். சென்னையில் ‘சென்னை ரன்னர்ஸ்’ என்னும் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பேட்டை பேட்டையாகக் கூடி ஓடுகிறார்கள். 2012இல் மிலிந்த் சோமன் முதலானவர்கள் பம்பாயில் ஆரம்பித்த ‘பிங்கத்தான்’ என்னும் பெண்களுக்கே உரிய ஓட்டம் பல நகரங்களுக்கும் பரவிற்று; அதிலே புடைவை கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் எந்தப் பந்தயத்திலும் முதலாவதாக வரப்போவதில்லை என்பதை அறிந்தே ஓடுகிறார்கள். ஒரு குடும்ப ஸ்திரீ, வீட்டில் யாருக்கும் உபயோகப்படாத ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதற்குத் தர்மத்தில் இடம் உண்டா என்பதே இங்கே நான் விசாரிக்க விரும்பும் கேள்வி.

காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், முத்தியால்பேட்டையை அடுத்துள்ள எங்கள் ஐயம்பேட்டை, பட்டுத் தறியினால் பிழைக்கும் ஊர். இங்கே பெண்களின் உழைப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. தறியில் உட்கார்ந்தவன் நெய்தான் என்று பெயர்; தார் சுற்றிக் கொடுத்தவளும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தவளும், கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அந்தப் பெயருக்குள் அடங்கிப்போகிறார்கள். முற்காலத்தில் தெருவிலே கழிகளை நட்டுப் பாவோடும்போது, இழையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்தவர்களின் நடையைக் கூட்டினால் நாள் ஒன்றுக்குப் பல மைல் தேறும். அவ்வளவு நடையும் ஒரு சேலைக்குள் போய் மறைந்தது. சேலையோ வேறு ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போயிற்று.

அப்படிப்பட்ட ஊரின் சாலையில் விடியற்காலையில் ஓடிவந்த ஒரு பெண்ணை, பால் வாங்க வந்த கிழவி ஒருத்தி நிறுத்தி விசாரித்ததைக் கேட்டிருக்கிறேன்.

“ஏம்மா இப்பிடி ஓடியாறே? பஸ்ஸு பூடுச்சா?”

“பஸ்ஸெல்லாம் இல்ல ஆயா. சும்மாதான் ஓடறேன்.”

“சும்மா யாராச்சும் ஓடுவாங்களா?”

கிழவி ஏளனமாகக் கேட்கவில்லை. காரியம் இல்லாமல் ஒரு பெண்ணின் கால் நகர்வதை அவள் தன் ஆயுளில் கண்டதில்லை, ஆகையால் கேட்டாள். நம் சாஸ்திரகாரர்களும் எந்த நூலைத் தொடங்குமுன்னும் அதைக் கற்க அதிகாரி யார், விஷயம் யாது, சம்பந்தம் யாது, பிரயோஜனம் யாது என்ற நான்கையும் சொல்லிவிடவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஆயா நான்காவது கேள்வியைக் கேட்டாள். உலகமோ நெடுங்காலம் முதல் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஓட்டத்துக்குப் பெண் அதிகாரியா என்ற விவாதம் மேல்நாட்டில் நடந்த விதம் வேடிக்கையானது. 1896இல் ஏதன்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மராத்தான் நடந்தபோது, சேர்த்துக்கொள்ளப்படாத ஸ்தமதா ரெவிதி என்ற ஏழைப் பெண், மறுநாள் தனியாக அதே வழியில் ஓடிக் காட்டினாள். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் மூர்ச்சையாகி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதவே, அந்த ஓட்டத்தை நீக்கிவிட்டு 1960 வரையில் திரும்பக் கொண்டுவரவில்லை. 1967இல் பாஸ்டன் மராத்தானில் முதற்பெயருக்குப் பதிலாக முதலெழுத்துக்களை மட்டும் எழுதிப் பதிவு செய்துகொண்டு ஓடிய கேத்ரின் ஸ்விட்ஸரைப் பந்தய அதிகாரி ஒருவர் சாலை நடுவிலே பிடித்து இழுக்கப் பார்த்தார். அந்தப் பந்தயத்தில் பெண்களுக்கு முறைப்படி அநுமதி கிடைத்தது 1972இல்; ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984இல். இத்தனை தடைகளும் பெண்ணின் தேகம் தாங்காதே என்ற இரக்கத்தின் பெயரால் விதிக்கப்பட்டவை என்பதைக் கவனிக்கவேண்டும். பாவோடும் பெண்ணின் தேகம் தாங்குமா என்று எந்த நாட்டிலும் ஒருவரும் இரங்கியதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் அப்படி ஒரு விதியும் தேவைப்படவில்லை. லஜ்ஜையும் அடுப்பும் அந்த வேலையைச் செய்துவிட்டன. பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களின் கடைசி மூன்று பருவங்களைப் பாருங்கள். ஆண்குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிறுவனின் தேர் தெருக்கோடி வரையில் போகிறது. சிறுமியின் ஊஞ்சல் எவ்வளவு வீசி ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. புலவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை; எண்ணாமல் செய்ததே எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

இனி, பிரயோஜனம். வேதாந்தம் படித்தவர் ஒருவர் இந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆக்ஷேபம் எளிதில் ஊகிக்கத்தக்கது. “ஓடட்டும், தோஷம் இல்லை; ஆனால் மணிக்கட்டில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்ப்பதும், ஓடி முடித்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதும், போன மாதத்தைவிட இந்த மாதம் ஒரு நிமிஷம் குறைந்தது என்று குதூகலிப்பதும் பலனிலே பற்று அல்லவா? கர்மத்தைச் செய், பலனை விடு என்றுதானே கீதை சொல்கிறது?” என்பார் அவர். கேட்பதற்கு மறுக்கமுடியாத நியாயம்போல இருக்கிறது. ஆனால் பலனை விடு என்ற உபதேசம், பலன் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. அர்ஜுனனுக்கு ராஜ்யத்தில் உரிமை இருந்தது, கீர்த்தி இருந்தது, வெற்றியும் தோல்வியும் அவன் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தன. தன்னுடையது அல்லாத பசுவை ஒருவன் தானம் செய்ய முடியாது. அப்படிச் செய்தாலும் அது தானம் ஆகாது. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த கர்மங்களின் பலன் எங்கே போயிற்று? காரடையான் நோன்பு புருஷனின் ஆயுளுக்கு. வரலக்ஷ்மி விரதம் குடும்பத்தின் ஐசுவரியத்துக்கு. கன்னிப்பெண்கள் நோற்ற பாவை நோன்புகூட நாட்டுக்கு மழையையும் தனக்கு ஒரு கணவனையும் வேண்டிற்று. பட்டினி கிடந்தவள் ஒருத்தி, பலன் பெற்றவர்கள் வேறு. இப்படிப் பலனை ஒருநாளும் கையில் வாங்கிப் பாராதவளிடம் போய் நிஷ்காம கர்மத்தை உபதேசிப்பது, அவள் ஏற்கெனவே இருக்கும் நிலைக்குப் பெரிய பெயர் ஒன்றைச் சூட்டுவதே ஆகும். அதனால் அவளுக்கு ஞானம் ஒன்றும் கூடிவிடாது.

ஆகவே, ஐந்து கிலோமீட்டரை முப்பத்தெட்டு நிமிஷத்தில் ஓடினேன் என்று ஒரு பெண் சொல்லி மகிழும்போது நான் அதை அகங்காரம் என்று எண்ணுவதில்லை. அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தைப் பிள்ளைக்குப் பரிமாற முடியாது, மாமியாருக்குக் கொடுக்க முடியாது, கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோட்டு விற்க முடியாது. பிறருக்குச் சேர வழியே இல்லாத ஒரு பலன், அவள் வாழ்வில் முதன்முறையாக வந்திருக்கிறது. அதை விடுவதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் உரிமையும் அப்போதுதான் அவளுக்கு வருகிறது. துறவுக்கு முந்திய படி உடைமை. அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும்படி ஆண்களில் எவரையும் சாஸ்திரம் கேட்டதில்லை.

மனிதர் எதற்காக ஓடுகிறார் என்பதை ஆராய்வதற்காக 1993இல் மாஸ்டர்ஸ், ஓகிள்ஸ், ஜோல்டன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 56 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். தேக ஆரோக்கியம், எடைக் கவலை, பிறர் மெச்சுதல், போட்டி, கூட்டுறவு, தன்மதிப்பு, மனப்பாரம் தணிதல், தான் குறித்த இலக்கை அடைதல், வாழ்வின் பொருள் என்று ஒன்பது வகையாக அவை பிரிகின்றன. கீதையின் ஏழாவது அத்தியாயத்தில் பகவான் தம்மை நாடி வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: துன்பத்தால் வருபவன், அறியும் ஆவலால் வருபவன், பொருளை வேண்டி வருபவன், ஞானி. ஒன்பதையும் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி அதிகம் இல்லை. சர்க்கரை ஏறிவிட்டது, நடக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் பயமுறுத்தியதால் வந்தவள் ஆர்த்தி உடையவள். பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையைக் குறைக்க வந்தவளும், பதக்கத்துக்காக வந்தவளும் அர்த்தார்த்திகள். இந்த உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போமே என்று வந்தவள் ஜிக்ஞாசு. நான்காமவள் எப்படி இருப்பாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இங்கே நான் முக்கியமாகக் கருதுவது, பகவான் இந்த நால்வரில் ஒருவரையும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பவில்லை என்பது. ஞானியை உயர்த்திச் சொன்னாலும், எல்லாருமே உதாரர்கள், உயர்ந்தவர்கள், என்று சேர்த்தே சொல்லிவிடுகிறார். வந்த காரணம் எதுவாயினும் வந்தது போதும் என்ற அந்தத் தாராளம் நம் உபந்யாசகர்களிடம் சற்றுக் குறைவு. சர்க்கரைக்காகச் சாலையில் இறங்கியவள், சர்க்கரை இறங்கிய பிறகும் ஓட்டத்தை விடாமல் இருப்பதைப் பார்க்கிறோம். ஆர்த்தி எப்போது ஆவலாக மாறிற்று என்பதை அவளே சொல்லமுடியாது.

வேகத்தைப் பற்றிய விஷயம் இதைவிட ஆழமானது. ஓட்டம் பழகுகிறவர்கள் ‘பேஸ்’ என்று சொல்லும் அந்தக் கணக்கில் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். பந்தயம் புறப்படும்போது உடல் புதிதாக இருக்கிறது. கொட்டுமேளம், கூட்டம், ஆரவாரம். முன்னால் போகிறவளின் வேகம் தன்னுடைய வேகம்போலவே தோன்றிவிடுகிறது. தேகத்தில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து ஓர் அளவுக்கு உட்பட்டது. வேகம் கூடக்கூட அது விரைவாகச் செலவாகிறது. மராத்தானில் ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரில் பலருக்கு அது தீர்ந்துபோய்க் கால் கல்லாகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊரில், காற்றின் ஈரத்தால் வேர்வை உலராமல் உடலின் சூடு தணியாமல் நிற்பது வேறு. பழகியவர்கள் இதற்குச் சொல்லும் பரீக்ஷை எளியது: பக்கத்தில் ஓடிவருகிறவளோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது உன் வேகம், வார்த்தை துண்டு துண்டாக வந்தால் அது இன்னொருத்தியின் வேகம்.

இந்தப் பரீக்ஷையில் பெண்கள் ஆண்களைவிட மேலாகத் தேறுகிறார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 14 மராத்தான்களில் ஓடிமுடித்த 91,929 ஓட்டங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். பின்பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 சதவீதம் தளர, பெண்களின் வேகம் 11.7 சதவீதமே தளர்ந்தது. தேகம் எரிபொருளைச் செலவிடும் முறை ஒரு காரணமாக இருக்கலாம், தன் சக்தியை மிகையாக மதிப்பிட்டு முன்பாதியிலே விரைந்துவிடும் சுபாவம் இன்னொன்றாக இருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். பெண்ணுக்குத் தன்னைத் தெரியும் என்று இதிலிருந்து சட்டென்று புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அறிவினால் மெல்ல ஓடுவதும் அச்சத்தினால் மெல்ல ஓடுவதும் கடிகாரத்தில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். “எனக்கு எங்கே முடியும்” என்று ஆரம்பத்திலேயே தன்னைக் குறைத்துக்கொண்டவளும் பின்பாதியில் தளராமல் வரக்கூடும்.

இங்கேதான் காளிதாசன் நினைவுக்கு வருகிறான். குமாரசம்பவத்தின் ஐந்தாம் சர்க்கத்தில், தாய் தடுத்தும் கேளாமல் பார்வதி கடுந்தவம் செய்கிறாள். பிரம்மசாரி வேஷத்தில் வந்த சிவபெருமான் அவளிடம் குசலம் விசாரிக்கும்போது, தர்மத்துக்கு முதற்கருவி சரீரம் என்று சொல்கிறான். உடற்பயிற்சிச் சாலைகளின் சுவர்களிலும் வைத்தியசாலைகளிலும் எழுதிவைக்கும் அளவுக்கு அது பிரசித்தமான வாக்கியம். ஆனால் அதே சுலோகத்தில் அதற்கு முன்னால் அவன் கேட்ட கேள்வியை யாரும் எழுதிவைப்பதில்லை. உன் சக்திக்கு ஏற்றபடிதானே தவத்தில் ஈடுபடுகிறாய் என்று அவன் கேட்கிறான். சரீரத்தைப் பற்றிய அந்தப் பெரிய வாக்கியம், ஒரு பெண்ணிடம் அவளுடைய வேகத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவள் தவம் செய்யலாமா என்று அவன் கேட்கவில்லை. அதிகாரத்தைப் பற்றிய வழக்கு அங்கே எழவே இல்லை. அளவைப் பற்றி மட்டும் கேட்டான். அந்தத் தவத்தின் பலனும் அவள் தனக்கென்றே விரும்பியது. காஞ்சியில் மாவடியின்கீழ் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜித்து, கம்பையாறு பெருகி வந்தபோது அதைத் தழுவிக்கொண்ட அம்பிகையும் அதே பலனை விரும்பியவள்தான். அவளுக்கு யாரும் நிஷ்காமத்தை உபதேசிக்கவில்லை.

பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல், பிறர் தர்மம் பயத்தைத் தருவது என்ற கீதையின் கருத்தை, முப்பதாவது கிலோமீட்டரில் கால் கல்லான ஒருத்திக்கு வியாக்கியானம் செய்யவேண்டியது இல்லை. ஆனால் அந்தச் சுலோகத்தைக் காட்டியே அவரவர் பிறந்த இடத்தில் அப்படியே இருக்கவேண்டும் என்று சொல்லிவந்தார்கள். பெண்களுக்கு இரட்டிப்பாகச் சொன்னார்கள். சாலை அதற்கு வேறு அர்த்தம் காட்டுகிறது. ஓடுகிறவளின் சுயதர்மமாகிய வேகத்தை யாரும் பிறப்பில் எழுதிக் கொடுப்பதில்லை. அவளே ஓடி ஓடிக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்ததும் பயிற்சியால் மாறிவிடுகிறது. மாதவிலக்கில் ஒன்றாகவும், நல்ல உறக்கத்துக்குப் பின் ஒன்றாகவும், ஐம்பது வயதில் வேறொன்றாகவும் இருக்கிறது.

நான்காமவளுக்கு வருகிறேன். புதுச்சேரி ஆசிரமத்தில் 1949இல் தொடங்கப்பட்ட உடற்கல்விப் பத்திரிகையில் ஸ்ரீ அரவிந்தர் சரீரத்தின் பூர்ணத்துவத்தைப் பற்றி எழுதினார். ஆசிரமத்தின் அன்னை எழுபது வயதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினார். ஆசிரமத்துப் பெண்கள் மைதானத்தில் இறங்கி ஆண்களோடு சமமாகப் பயின்றார்கள். அந்த மரபில் வந்த ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மராத்தான் நடக்கிறது. அதில் நேரம் குறிப்பதில்லை. முதலாவது, இரண்டாவது என்ற ஸ்தானமும் இல்லை. செம்மண் பாதையில் ஓடுவதே ஓட்டத்தின் பலன். இதைக் கண்டு பலர் பரவசப்படுகிறார்கள். நானும் அதை உயர்வாகவே மதிக்கிறேன். ஆயினும் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதன் சுகம், கடிகாரத்தைக் கட்டியிருந்தவளுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

பிரயோஜனம் இல்லாத செயலுக்கு நம் தத்துவத்தில் லீலை என்று பெயர். குறை ஒன்றும் இல்லாத பிரம்மம் உலகத்தை ஏன் படைக்கவேண்டும் என்ற கேள்விக்குப் பிரம்ம சூத்திரம் அதையே விடையாகக் கூறுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நூலைப் புரட்டி அறியவேண்டிய செய்தி இல்லை. வருஷந்தோறும் பொங்கலை ஒட்டி வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து புறப்பட்டு, முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். சுமார் 20 கிலோமீட்டர். அரை மராத்தானுக்குச் சற்றுக் குறைவு. வேட்டை என்று பெயரே தவிர, அவர் அங்கே கொண்டுவரவேண்டியது எதுவும் இல்லை. சும்மா போகிறார் என்று ஆயாவிடம் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சித்தாந்தம் அதுதான்.

அந்தச் சூத்திரத்துக்கு ராமாநுஜர் காட்டும் திருஷ்டாந்தம் பந்து விளையாடும் சக்கரவர்த்தி. ஏழு தீவுகளையும் ஆண்டு, அடையவேண்டியதை எல்லாம் அடைந்தவன், விளையாட்டுக்காகவே பந்தை அடிக்கிறான். சங்கரரும் ஆசை நிறைவேறிய அரசனைச் சொல்கிறார். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: வெளியே எந்தப் பயனையும் கருதாமல் சுபாவமாகவே நிகழும் உச்சுவாச நிசுவாசத்தைப்போல என்கிறார். வரதர் சந்நிதிக்குத் தீர்த்தம் சுமந்து கைங்கரியம் செய்த ராமாநுஜரின் ஊருக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு நான் சங்கரரின் பக்கம் சாய்வது சிலருக்கு ரசிக்காது. அரசனுடைய விளையாட்டு, வேலை எல்லாம் முடிந்த பிறகு வருவது. ஐயம்பேட்டையில் எந்தப் பெண்ணுக்கு எப்போது வேலை முடிந்திருக்கிறது? தார் முடிந்தால் சமையல், சமையல் முடிந்தால் பிள்ளையின் பாடம், அதற்குள் அடுத்த பாவு. ஆசை எல்லாம் நிறைவேறிய ஆப்தகாமனுக்கே லீலை என்றால் அவளுக்கு அந்த நாள் வரப்போவதில்லை. மூச்சுக்கு ராஜ்யம் வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்காமல் கிடக்கும்போதும் அது நடக்கிறது. நான்காமவள் அந்த மூச்சின் அளவில் ஓடுகிறவள். அவள் கடமைகளை முடித்துவிட்டு வந்தவளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எந்த உரையிலிருந்தும் எடுத்துக் காட்ட முடியாது.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் சாலையில் இருக்கும்போது அடுப்பை யார் பற்றவைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பாஷ்யம் எதையும் தேடவேண்டியதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் விழித்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் கேட்டால் போதும்.